பத்தியமும் பேணுதலும்

இறைவன் நமக்கு ஆகுமாக்கித் தந்த உணவொன்றை ஒருவர் தம் உடல்நலம் கருதி அறவே விட்டுவிடலாமா? அப்படி விடுவது நன்மையாகுமா, நன்றிகேடாகுமா? தொழுகை முடிந்து பள்ளிவாசலில் சற்று அமரும் வேளைகளில் நம்மிடம் இப்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது.

முற்காலத்தில் இக்கேள்விக்கு இடமே இருக்கவில்லை. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் இந்தக் கடற்கரையில் துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழ்ந்தவர்களுக்கு வயிறாரச் சோறு கிடைப்பதே பெரும் பாக்கியமாக இருந்தது. மூட்டை சுமந்தவரும் வலை இழுத்தவரும் சோற்றை வேண்டாம் என்று சொன்னதில்லை. இன்று அதே தெருக்களில் அவர்களுடைய பிள்ளைகள் சிலர் சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு முட்டையும் இறைச்சியும் நெய்யும் உண்கிறார்கள். காரணம் கேட்டால், "கீட்டோவில் இருக்கிறேன் ஹஜ்ரத்" என்றோ, "பேலியோவில் இருக்கிறேன்" என்றோ பதில் வருகிறது.

இதனை நகைத்து ஒதுக்குவோரும் உளர். இதைத் தவிர வேறு வழியே இல்லை என்று வாதிடுவோரும் உளர். இரு சாராரையும் விட்டு, மார்க்கத்தின் தராசில் இதனை நிறுத்துப் பார்ப்போமாக.

இது என்ன முறை?

அரிசி, கோதுமை, கிழங்கு, சர்க்கரை ஆகியவற்றிலுள்ள மாவுச்சத்து இரத்தத்தில் சர்க்கரையாகி உடலுக்கு எரிபொருளாகிறது. மாவுச்சத்தை நாளொன்றுக்கு 20 முதல் 50 கிராமுக்குள் சுருக்கினால், சில நாட்களில் உடல் தன் சேமிப்புச் சர்க்கரையைச் செலவழித்துவிட்டுக் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். கல்லீரல் அக்கொழுப்பிலிருந்து 'கீட்டோன்' எனும் பொருள்களை உண்டாக்கும்; மூளையும் அவற்றைக் கொண்டு இயங்கும். இதுவே கீட்டோ முறை. நூறு கிராம் வெந்த சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து இருப்பதால், ஒரு தட்டுச் சோற்றுக்கும் இதில் இடமில்லை.

இது நேற்று முளைத்ததன்று. 1921-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் எனும் மருத்துவர் காக்காய் வலிப்பு நோயாளிகளுக்காக இதனை முன்மொழிந்தார். பட்டினி கிடந்தால் வலிப்புக் குறைவதைக் கண்டவர்கள், பட்டினியின் பலனைப் பட்டினியின்றிப் பெற வழி தேடியதன் விளைவு அது. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்கு மருத்துவரின் மேற்பார்வையில் இன்றும் இது கொடுக்கப்படுகிறது. நீரிழிவுக்கோ, 1922-ல் முதன்முதலாக இன்சுலின் ஒரு நோயாளிக்குச் செலுத்தப்படும்வரை, மாவுச்சத்தை வெட்டுவதும் பட்டினி போடுவதுமே வைத்தியமாக இருந்தன.

தமிழ்நாட்டில் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இது 'பேலியோ' என்ற பெயரில் வீடுகளுக்குள் வந்தது. நியாண்டர் செல்வன் எழுதிய 'பேலியோ டயட்' எனும் நூலும், 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' எனும் முகநூல் குழுவும் இதற்கு முக்கிய காரணங்களாகும். ஒரு வேளைக்கு நூறு பாதாம், மற்றொரு வேளைக்கு நெய்யில் வதக்கிய காய்கறியும் முட்டையும், இன்னொரு வேளைக்கு இறைச்சி அல்லது மீன் என்ற பட்டியல் பலருக்கு மனப்பாடம். பேலியோவும் கீட்டோவும் முற்றிலும் ஒன்றல்ல. எனினும் சோற்றை விலக்கிக் கொழுப்பைக் கூட்டுவதில் இங்கே இரண்டும் ஏறக்குறைய ஒரே பாதையில் செல்கின்றன.

கடைப்பிடிப்போர் தம் அனுபவத்தை நம்மிடம் கூறுவதுண்டு. முதல் வாரம் தலைவலி, சோர்வு, மலச்சிக்கல்; உப்பும் நீரும் கூடுதலாக வேண்டியிருக்கும். வாயில் ஒருவகை வாடை எழும். (பூண்டு, வெங்காய வாடையுடன் பள்ளிக்கு வருவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை இவர்கள் நினைவிற் கொண்டு மிஸ்வாக்கை அதிகப்படுத்துவது நல்லது.) பின்னர் பசி அடங்கும், எடை இறங்கும், இரத்தச் சர்க்கரையும் பலருக்குக் குறையும். இத்தனையும் உண்மையே. ஆனால் இந்த வழியில் கடினமானது பசியன்று. மற்ற மனிதர்கள்தாம் என்று ஒரு சகோதரர் கூறினார். நமது ஆய்வுக்கு வாயில் அந்தச் சொல்தான்.

ஆகுமானதை விலக்கலாமா?

யஃகூப் (அலை) அவர்கள் தம் மீது ஓர் உணவை விலக்கிக்கொண்ட செய்தி ஆல இம்ரான் அத்தியாயத்தில் வருகிறது. நரம்பு நோயொன்றால் வருந்திய அவர்கள் ஒட்டக இறைச்சியையும் அதன் பாலையும் விட்டதாக விரிவுரையாளர்கள் பலர் எழுதியுள்ளார்கள். ஒருவர் தமக்கென மேற்கொண்ட விலக்கு, பின்வந்தோரால் ஆதிமுதலே எல்லோருக்கும் உரிய தடையெனக் கருதப்பட்டது. அதனை மறுத்துரைக்கவே அவ்வசனம் அருளப்பட்டது என்றும் விளக்குவர். இன்னொரு புறம், தஹ்ரீம் அத்தியாயத்தின் தொடக்கம் நமக்குத் தெரியும். நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியர் சிலரின் திருப்திக்காகத் தேனை அருந்துவதில்லை எனக் கூறியபோது, இறைவன் அதனைச் சுட்டிக் கேட்டான்.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் ஓர் எல்லைக்கோடு புலப்படுகிறது. உண்ணாமல் இருப்பது வேறு. 'ஹராம்' என்று கூறுவது வேறு.

இக்கோட்டின் மீது நடந்து காட்டியதற்கு அழகிய முன்மாதிரியும் உண்டு. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் ஒருமுறை உடும்பு போன்ற பாலைவனப் பிராணி ஒன்றின் இறைச்சி பரிமாறப்பட்டது. அது இன்னதென அறிந்ததும் நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அது விலக்கப்பட்டதா என்று காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் கேட்க, இல்லை என்றும், தம் ஊரில் இல்லாத உணவாதலால் தமக்கு விருப்பமில்லை என்றும் பதில் கிடைத்தது. காலித் (ரலி) அவர்கள் அதனைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். நபி (ஸல்) அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி உள்ளது.

ஒரே விரிப்பு, ஒருவர் உண்கிறார், ஒருவர் உண்ணவில்லை. உண்ணாதவர் உணவைப் பழிக்கவில்லை. உண்டவர் உண்ணாதவரை வற்புறுத்தவில்லை. கீட்டோவில் இருப்பவருக்கும் அவரைச் சுற்றியிருப்பவருக்கும் இதைவிடச் சிறந்த பாடம் வேறு வேண்டுமா?

நம் தமிழில் 'பத்தியம்' என்றோர் அருமையான சொல் இருக்கிறது. பிள்ளை பெற்றவள் பத்தியம் இருப்பாள். மருந்துண்பவன் பத்தியம் இருப்பான். ஆனால் பத்தியக்காரர் எவரும் தெருவில் நின்று, 'புளி நஞ்சு, எவரும் உண்ணாதீர்' என்று கூவியதில்லை. பத்தியம் இன்னாருக்கு, இந்நோய்க்கு, இத்தனை காலத்துக்கு என்று அளவு உடையது. அளவை இழந்தால் அது பத்தியமாக இராது. ஒரு புதிய மத்ஹபாகிவிடும். இன்று சிலர் அரிசியை 'விஷம்' என்று சொல்லக் கேட்கிறோம். நம் தந்தையரையும் பாட்டன்மாரையும் உழைக்க வைத்த உணவை, கோடிக்கணக்கானோர் பிஸ்மி சொல்லி உண்ணும் உணவை, விஷம் என்று சொல்லும் நாவு நன்றியுள்ள நாவாகுமா?

உடலின் கணக்கு

அதற்காக, நோயை அலட்சியம் செய்ய வேண்டுமென்று நாம் கூறவில்லை. உடல் அமானிதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணையோடு நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் ஏறக்குறைய 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவுடன் வாழ்வதாகவும், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் அந்நோய் இருப்பதாகவும் கணக்கிட்டது. நம் நாட்டார் உண்ணும் உணவின் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று அதே ஆய்வின் 2025-ஆம் ஆண்டு வெளியீடு கூறுகிறது. வெள்ளைச் சோற்றைக் குவித்துத் தொட்டுக்கொள்ளச் சிறிது குழம்பு என்னும் நம் வழக்கம் திருத்தப்பட வேண்டியதே. வயிற்றை முழுதும் நிரப்பாமல் மூச்சுக்கும் நீருக்கும் இடம் விடச் சொன்ன நபிமொழியைக் கேட்டுவிட்டுத்தானே நாம் மூன்றாம் முறையும் சோறு வாங்குகிறோம்!

இவ்விஷயத்தில் நமது ராயபுரத்துக்கே ஒரு வரலாறு உண்டு. டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-ல் அருகிலுள்ள ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் மருத்துவமனை ஒன்றை நிறுவினார். அதுவே பின்னர் முழுதும் நீரிழிவுக்கென்றே ஆயிற்று. மாவுச்சத்தைக் கடுமையாக வெட்டும் வழக்கத்துக்கு மாறாக, மாவுச்சத்தோடு நார்ச்சத்தும் மிகுந்த உணவை நீரிழிவாளருக்குக் கொடுத்து அவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். நம் நாட்டார் காலங்காலமாக உண்டுவரும் தானியத்தையும் பருப்பையும் கீரையையும் வைத்தே நோயை ஆள முடியுமா என்பது அவர்களது தேட்டம். இன்றோ அதே தெருக்களில் அதற்கு நேரெதிரான முறையால் குணம் கண்டோம் என்பவர்கள் நடமாடுகிறார்கள்.

இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை யாது? மருத்துவம் ஒரே வழியை மட்டும் காட்டவில்லை. கீட்டோ முறையால் முதல் ஆறு மாதங்களில் தெரியும் பலன் ஓராண்டுக்குள் பெரும்பாலும் குறைந்துவிடுவதை, பல ஆய்வுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தவர்கள் காட்டியுள்ளார்கள். சிலருக்குக் கெட்ட கொழுப்பு ஏறுவதும் உண்டு. ஆகவே, 'எனக்குப் பயன்பட்டது' என்பது உண்மையான சாட்சியம். 'எல்லோருக்கும் இதுவே' என்பது அறிவின்றி வழங்கப்படும் ஃபத்வா.

இந்த ஃபத்வாவால் உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். இன்சுலின் போடுபவரோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரை உண்பவரோ மருந்தளவைக் குறைக்காமல் சோற்றைத் திடீரென நிறுத்தினால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயங்கி விழக்கூடும். அதற்கஞ்சி மருந்தைத் தாமாகவே நிறுத்துவது இன்னொரு பள்ளம். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புதுவகை மாத்திரைகளை உண்போர் இவ்வுணவுமுறையை மேற்கொண்டால், இரத்தச் சர்க்கரை சாதாரணமாகவே தோன்றும். உள்ளே இரத்தம் அமிலமாகி உயிருக்கே உலை வைக்கும். கண்டெய்னர் லாரி ஓட்டுபவர் மணலி நெடுஞ்சாலையில் மயங்கினால் போவது அவருடைய உயிர் மட்டுமா? மருத்துவரைக் கேளாமல் பக்கத்து வீட்டுக்காரரின் பட்டியலைப் பின்பற்றுவது தவக்குல் ஆகாது. தன் கையாலேயே தன்னை அழிவில் தள்ளுவதாகும்.

அடுப்படியும் விருந்தும்

இனி, பசியைவிடக் கடினம் என்று அந்தச் சகோதரர் சொன்ன மனிதர்களிடம் வருவோம்.

வீட்டில் ஒருவர் பத்தியம் இருந்தால் அடுப்பில் இரண்டு உலை ஏறுகிறது. பிள்ளைகளுக்குச் சோறும் பருப்பும். இவருக்குத் தனியே நெய்யில் பொரித்த முட்டையும், அரிசி போலத் துருவிய காலிஃப்ளவரும். மனைவி விடியலில் எழுந்து இரண்டையும் செய்துவிட்டு, தான் ஆறிப்போன சோற்றை உண்கிறாள். கணவருக்கு எடை குறைந்தது என்று ஊரார் பாராட்டுகிறார்கள். அடுப்படியில் கூடிய சுமையை எவரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. தம் உடல் இளைக்க இன்னோர் உடலை வருத்துவதில் பேணுதல் எங்கே இருக்கிறது? தமக்கான முட்டையைத் தாமே வேகவைத்துக் கொள்வது எந்த ஆண்மகனுக்கும் இழிவன்று. வீட்டு வேலைகளில் கைகொடுத்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள்.

சல்மான் (ரலி) அவர்கள் தம் தோழர் அபுத்தர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்குச் சென்றபோது, அவர் உபரி நோன்பிலும் இரவுத் தொழுகையிலும் மூழ்கி மனைவியை மறந்திருப்பதைக் கண்டார்கள். தாம் உண்ண வேண்டுமானால் அவரும் உண்ண வேண்டும் என்றார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனியே உரிமை உண்டு என்று அவருக்கு உணர்த்தினார்கள். நபி (ஸல்) அவர்களும் சல்மான் (ரலி) அவர்களின் கூற்றை மெய்யென்றார்கள். உபரி நோன்புக்கே இந்த அளவென்றால், உடல் இளைப்பதற்கான பத்தியத்துக்கு எவ்வளவு?

அடுத்தது விருந்து. வலீமா அழைப்பைத் தக்க காரணமின்றி மறுக்கலாகாது என்பது நாமறிந்த சட்டம். ஆனால் சென்றவர் உண்டே ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை. விரும்பினால் உண்ணலாம், விரும்பாவிடில் விடலாம். எனவே பத்தியக்காரர் வீட்டிலேயே இருந்துவிடுவது சரியன்று. சென்று, ஸலாம் கூறி, மணமக்களுக்கு துஆச் செய்து, பிரியாணியில் இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, பேச்சை வளர்க்காமல் எழலாம். விரிப்பில் அமர்ந்து பக்கத்திலிருப்பவரின் தட்டிலுள்ள மாவுச்சத்தைக் கணக்கிடுவது மட்டும் வேண்டாம்.

விருந்தளிப்போருக்கும் ஒரு வார்த்தை. "ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" என்று நீரிழிவாளரின் தட்டில் வலிந்து சோற்றையும் பீர்னியையும் கொட்டுவது அன்பு போலத் தோன்றும், உண்மையில் அது கொடுமை. புண் ஆறாமல் கால் விரலை இழந்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். மகன் சோற்றை மறுத்தான் என்று உம்மாக்கள் கண்ணீர் விடுவதும் உண்டு. மகன் மறுத்தது சோற்றைத்தான், உம்மாவின் கையை அல்ல என்பதை அவன் மென்மையாக உணர்த்த வேண்டும். அவர்களும் உணர்ந்துகொள்ள வேண்டும்.

பட்டினியும் நோன்பும்

"காலை முழுதும் நான் உண்பதில்லை, இது சுன்னத்தான நோன்பாகுமா?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நிய்யத் இல்லாத பட்டினி பட்டினியே. ஆனால் ஃபஜ்ரிலிருந்து நீரும் அருந்தாமல் இருப்பவர், நண்பகலுக்கு முன்னரே நிய்யத் செய்துகொண்டால் அன்றைய உபரி நோன்பு அவருக்குக் கூடிவிடும். வெண்ணெய்த் தேநீர் அருந்தியவருக்கு அந்த வாய்ப்பில்லை. ஒரே வயிறு, ஒரே பசி; உள்ளத்தின் ஒரு நாட்டம் அதனை வணக்கமாக்குகிறது.

ரமலானில் பேரீச்சம்பழம் பற்றிய ஐயமும் வருகிறது. சிறிய பழமொன்றில் மாவுச்சத்து ஐந்தாறு கிராம் மட்டுமே. அது எந்தக் கணக்கையும் குலைக்காது. அதுவும் ஆகாதென்று மருத்துவர் சொன்னால், பழம் இல்லாதபோது சில மிடறு நீரால் திறப்பதும் நபிவழியே. நோன்பு நோற்கவே முடியாத நோயாளிக்கோ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோயாளி பிடிவாதமாக நோற்று விழுவதில் வீரமில்லை.

உண்ணாமையில் ஒளிந்திருக்கும் இன்னோர் அபாயத்தையும் சொல்லியாக வேண்டும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் பசியின் சிறப்புகளை விரித்துரைத்த பின், உணவாசையை விட்டவரை முகஸ்துதி பிடித்துக்கொள்ளும் என்று தனியே எச்சரிக்கிறார்கள். வயிற்றின் ஆசையை வென்றவர், பிறர் பார்வையின் ஆசைக்கு அடிமையாகிறார். முன்பு இருந்த உடலையும் இப்போது உள்ள உடலையும் அருகருகே வைத்துப் படமெடுத்துக் கைப்பேசியில் பரப்பும் இக்காலத்துக்கு அவ்வெச்சரிக்கை எவ்வளவு பொருந்துகிறது!

ஊரின் உணவு

இறுதியாக, பாதாமின் விலையை நினைத்துப் பார்ப்போம். நூறு பாதாம் என்றால் நூறு கிராமுக்கு மேல். நெய், பன்னீர், இறைச்சி எல்லாம் சேர்ந்தால் ஒருவரின் ஒருநாள் உணவுச் செலவு, சில வீடுகளில் மொத்தக் குடும்பத்தின் செலவை மிஞ்சும். காசிமேட்டு மத்தி மீனும் முட்டையும் கீரையும் வைத்துச் சிக்கனமாக நடத்துவோரும் உண்டு, அவர்கள் பாராட்டுக்குரியோர். எனினும் 2011 முதல் ரேஷன் கடையில் விலையின்றிக் கிடைக்கும் அரிசியை நம்பி உலை வைக்கும் வீடுகள் இப்பகுதியில் ஏராளம். அவர்களுக்குச் சோறு விலக்க வேண்டிய பொருளன்று, அதுவே இருப்பு.

இங்கேதான் நம் ஃபிக்ஹின் நுட்பத்தைக் கண்டு வியக்கிறோம். ஃபித்ரா தர்மம் எதனால் கொடுக்கப்பட வேண்டும்? ஷாபிஈ மத்ஹபின் வலுவான சொல்லின்படி, கொடுப்பவர் தாம் உண்பதால் அன்று. அவ்வூரின் பிரதான உணவால். ஆண்டு முழுதும் ஒரு பருக்கை சோறு தொடாதவரும் பெருநாள் காலையில் அரிசியைத்தான் அளக்க வேண்டும். தீராத நோயால் நோன்பை விட்டவர் கொடுக்கும் ஃபித்யாவும் அவ்வாறே. 'எனக்கு அரிசி உணவல்ல' என்று அவர் சொல்லலாம். 'ஊருக்கு அரிசியே உணவு' என்று சட்டம் பதில் சொல்கிறது. தன் வயிற்றுக்குத் தனிவழி வகுத்துக்கொண்டவரையும் அது ஊரின் பானையை விட்டுப் பிரிய விடவில்லை.

இதுவே பத்தியத்துக்கும் பேணுதலுக்கும் உரைகல் என்பது நமது முடிவு. சோற்றை விட்டவர் அதனால் மிஞ்சிய அரிசியை யாருக்கு அளந்தார்? மனைவியின் சுமையைக் குறைத்தாரா, கூட்டினாரா? உண்பவரோடு அமர்ந்தாரா, அவரை இகழ்ந்தாரா? மருத்துவரைக் கேட்டாரா, மனப்போக்கைக் கேட்டாரா? இவற்றுக்கு நல்ல விடை உள்ளவரின் பத்தியம், நிய்யத்தால் வணக்கமாகவும் ஆகலாம். விடையில்லாதவர் பத்துக் கிலோ குறைந்தாலும் மீஸானில் அவருக்குக் கூடியது ஒன்றுமில்லை.

ஆகுமானதை நன்றியுடன் உண்ணவும், ஆகாததை ஆரவாரமின்றி விடவும், உண்போரையும் உண்ணாதோரையும் ஒரே விரிப்பில் நேசிக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.